மூன்று மணித் தண்ணீர்

மெலீஹாவில் எரிகல் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். ஷார்ஜாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். நகரத்து வெளிச்சம் முதுகுப் பக்கம் தங்கிவிட, மணல் தொடங்குகிறது. கம்பளம் விரித்திருப்பார்கள், சாய்ந்துகொள்ளத் திண்டு இருக்கும், ஏலக்காய் தட்டிப் போட்ட கரக் சாயா கைக்கு வரும். பச்சை லேசரை வானத்துக்கு நீட்டி ஒருவர் மிதுனத்தைக் காட்டுவார், ஓரியனின் இடுப்பைக் காட்டுவார். டிசம்பர் 13, 14 இரவுகளில் வரும் ஜெமினிட் பொழிவுக்குத்தான் கூட்டம் அதிகம். நிலா இல்லாமல் நல்ல இருட்டும் வாய்த்துவிட்டால் மணிக்கு நூறைத் தாண்டும் என்கிறார்கள். பொய்யில்லை. என் மகள் எண்ணத் தொடங்கி, பாதியில் சலித்துப்போய், மடியிலேயே தூங்கியிருக்கிறாள்.

கோயமுத்தூரில் நான் பார்த்த எந்த வானமும் அந்த வானத்துக்கு உறைபோடக் காணாது. ஆறாமீன் கூட்டத்தில் ஆறுக்கு மேலும் எண்ணலாம். குளிருக்குப் போர்வை தருகிறார்கள். கழிப்பறை சுத்தம். திரும்பும்போது வண்டியில் ஹீட்டர். ஒரு குறை சொல்ல முடியாது. இருந்தும் அந்தத் திண்டில் சாயும்போதெல்லாம், குழாயடியில் குடம் நிறைய நிறைய ஒலி மாறிக்கொண்டே வந்து, தண்ணீர் கழுத்தைத் தொட்டதும் கீச்சென்று ஏறுமே, அந்தச் சத்தத்துக்குக் காது தானாகத் திறந்துகொள்கிறது. மணல்வெளியில் அது எங்கிருந்து வரும்?

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் டொராண்டோவில் இருக்கலாம், மஸ்கட்டில் இருக்கலாம், சென்னை வேளச்சேரியில்கூட இருக்கலாம். ஏதோவொரு விடிகாலையில் விழிப்புத் தட்டி, இனிமேல் கேட்கப்போகாத ஒன்றுக்காகக் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்திருப்பீர்கள். பிறகு அலாரத்தை அணைத்துவிட்டு எழுந்து பல் தேய்த்திருப்பீர்கள். வேறென்ன செய்ய?

கோயமுத்தூர்ச் சிங்காநல்லூரில் எங்கள் தெருவை எரிகற்கள் ஒருமுறை ஏமாற்றியிருந்தன. 1998 நவம்பரில் பத்திரிகைகளெல்லாம் எழுதின: 17ஆம் தேதி இரவு நட்சத்திர மழை, முப்பத்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவது, விட்டுவிடாதீர்கள். டெம்பெல்-டட்டில் என்ற வால்மீன் சூரியனைச் சுற்றிப் போகையில் உதிர்த்துவிட்டுப் போன தூசிக்குள் பூமி நுழைகிறது; அதுதான் லியோனிட் பொழிவு. 1966இல் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் பொழிந்தது பொழிந்ததுதான் என்று படம் போட்டுச் சொன்னார்கள். தெருவே மொட்டைமாடியில் பாய் விரித்தது. கடலை வறுத்தார்கள். விழுந்தது சொற்பம். பெரிய பெரிய தீப்பந்துகள் கணித்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே, 17ஆம் தேதி விடியலிலேயே, நாங்கள் போர்த்திப் படுத்திருந்தபோதே வந்து போய்விட்டிருந்தன. அதற்கப்புறம் பேப்பரில் நட்சத்திர மழை என்று வந்தாலே கோடி வீட்டுக்காரர் சிரிப்பார். "போனவாட்டி கடலைதான் தீந்துச்சு."

அதனால் 2001இல் எங்கள் தெருவில் யாரும் வானத்தைப் பார்ப்பதற்கென்று எழுந்திருக்கவில்லை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். யாரும் அதற்கென்று எழுந்திருக்கவில்லை, ஆனால் எல்லாரும் எழுந்திருந்தார்கள்.

நவம்பர் 19, திங்கட்கிழமை. தீபாவளி போய் ஐந்தாம் நாள். சாக்கடை ஓரத்தில் வெடித்தாள் இன்னும் கிடந்தது. கார்த்திகை பிறந்திருந்தது. அப்பாவுக்கு மில்லில் அரை நைட்டு. சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் நடுராத்திரி பன்னிரண்டு மணிச் சங்குக்குத்தான் வெளியே விடுவார்கள். ரிங் ஃபிரேம்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்துகொண்டே அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிற வேலை, சைடர் என்பார்கள். அந்த இரைச்சலில் பழகிய மில்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. பன்னிரண்டரைக்கு வந்து சைக்கிளைத் திண்ணைமேல் தூக்கி வைத்துவிட்டு, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்ற அக்கறையோடு அவர் அம்மாவிடம் பேசுகிற ரகசியம் மூணு வீடு தள்ளிக் கேட்கும்.

அன்றைக்கும் கேட்டது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

"ஏம்புள்ள, வெளிய வந்து பாரு. திருச்சி ரோட்டுல வர்றேன், கெழக்கால ஒண்ணு கெளம்பி, தலைக்கு மேல போயி, மேக்கால மில்லு கூரை வரைக்கும் போகுது. அறாத நூலு மாதிரி. சைக்கிள நிறுத்திட்டு நின்னுட்டேன்."

"தீவாளி ராக்கெட்டு மிச்சம் இருந்திருக்கும். எவனாச்சும் உட்டிருப்பான்."

"ராக்கெட்டு அத்தன தூரம் போகுமா? சத்தமே இல்ல புள்ள. பசங்கள எழுப்பட்டுமா?"

"வேண்டாங்க. நாளைக்கிப் பள்ளிக்கோடம். மூணு மணிக்குத் தண்ணி வந்தா எப்படியும் எந்திரிக்கத்தானே போறாங்க."

பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தேதியில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில், மகம் நட்சத்திரம் இருக்கிற சிம்மத்தின் தலை கீழ்வானில் எழும். அந்த வேளையில் வருகிற கற்கள் கீழ்நோக்கிப் பாயாமல் காற்றுமண்டலத்தின் மேல்விளிம்பை உரசிக்கொண்டே நெடுந்தூரம் போகும். எண்ணிக்கை குறைவு, நீளம் அதிகம். அரை நைட்டு முடிந்து வருகிறவனுக்கு வாய்க்கிற காட்சி அது. விடிகாலையில் எழுந்தவனுக்குக் கிடையாது. அப்பாவிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மில்லு கூரை ஒருமுறை தண்ணீர்த்தொட்டி ஆகும், இன்னொருமுறை ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி ஆகும். சைக்கிளை நிறுத்திய இடமும் மாறும். நூல் மட்டும் அறாது. சொல்லும்போது வலது கை ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து எதையோ திரித்துக்கொண்டே மேற்கே போகும். வேலை பழக்கிவிட்ட விரல்கள். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. அந்த ரகசியத்தின் சத்தத்தை மட்டுமாவது எதிலாவது பதிந்து வைத்திருக்கலாம். கல்யாண சிடியில் தேடினேன், நாதஸ்வரம்தான் இருக்கிறது.

தண்ணீர் கதைக்கு வருகிறேன்.

உப்புத்தண்ணீர் அடிபம்பில் எந்நேரமும் வரும். நல்லதண்ணீர் அப்படியில்லை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, அதுவும் மூணு மணிக்கு மேல். வருவதற்கு முன்னால் குழாய் ஒருவிதமாகச் சீறும். காற்றுதான் முதலில் வரும். அந்தச் சீறலுக்குத் தெருவே எழும். முதல் நாள் ராத்திரியே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். எங்கள் பச்சைக் குடத்தின் கழுத்தில் விரிசலைத் தீயில் காட்டி உருக்கி அடைத்த தழும்பு இருக்கும், இருட்டிலும் கை வைத்தால் தெரிந்துவிடும். பெண்கள் காதை மூடித் துண்டு கட்டியிருப்பார்கள். கார்த்திகை மாசத்துக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் ஏதோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு அது சிமெண்டுத் தரை வழியாகத்தான் வரும். அந்த நேரத்துக்கே மாலை போட்டவர்கள் அடிபம்பில் தலைக்கு ஊற்றிக்கொண்டு நடுங்கி நடுங்கிச் சரணம் சொல்வார்கள். ஒருவர் தொடங்க, அடுத்த சந்திலிருந்து யாரோ பதில் கொடுப்பார்கள். முழு நைட்டுப் போகிறவர்கள் போய்விட்டிருப்பார்கள். பால் வண்டி வந்துவிட்டிருக்கும். நாய்கூடத் தூங்காத நேரம்.

முதலில் பார்த்தது எதிர்வீட்டு அக்கா. குடத்தை இடுப்புக்கு ஏற்றும்போது முகம் தானாக மேலே போகுமல்லவா, அப்போது. "ஐயோ, அங்க பாருங்க" என்றதில் பாதித் தண்ணீர் புடவையில். நாங்கள் திரும்புவதற்குள் அது போய்விட்டது. ஆனால் போன தடம் அங்கேயே நின்றது. லேசான பச்சை ஓடிய வெளிச்சக் கீற்று, மெல்ல வளைந்து, கலைந்து. லியோனிட் கற்களுக்கு உள்ள குணம் அது. நொடிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் வந்து எரிகிறவை, எரிந்த பிறகும் தடத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவைக்கும். மெலீஹாவில் பார்க்கும் ஜெமினிட்டுகளின் வேகம் இதில் பாதிதான். அவை நிதானமாக, கண்ணுக்கு அவகாசம் கொடுத்துப் போகின்றன. அன்றைக்கு வந்தவை அவகாசம் கொடுக்கவில்லை.

அடுத்தது வந்தது. அடுத்தது. ஒரு குடம் நிறைவதற்குள் ஒன்றோ இரண்டோ. தெருமுனைச் சோடியம் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அதையும் மீறித் தெரிந்தவைதான் எங்கள் கணக்கு. எத்தனை தெரியாமல் போயிற்றோ.

அம்மாவைப் பெற்ற அம்மிச்சி திண்ணையிலிருந்து சத்தம் போட்டாள். "பாத்துட்டீங்களா? பாத்துட்டா பூப் பேரு சொல்லோணும். அஞ்சு பூ. இல்லீன்னா மறதி வந்துரும் சாமி."

சொன்னோம். மல்லி, முல்லை, செவ்வந்தி, சம்பங்கி, அரளி. அடுத்தது விழுந்தது. அதே ஐந்தைச் சொன்னால் செல்லாது என்று அம்மிச்சி சட்டம் போட்டாள். அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே உண்டா, அந்த நேரத்துக்கு அவள் போட்டதா, யாருக்குத் தெரியும். கனகாம்பரம், கோழிக்கொண்டை, ஆவாரம்பூ, எருக்கம்பூ, தும்பை. அடுத்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூளைப்பூ. மரிக்கொழுந்து பூவா இலையா என்று குழாயடியில் ஒரு சண்டை; தீர்ப்பு வருவதற்குள் இன்னும் இரண்டு விழுந்துவிட்டன. பூசணிப்பூ, முருங்கைப்பூ, வாழைப்பூ. காலிஃபிளவரும் பூதானே என்றான் என் தம்பி. மாலை போட்டிருந்த ஒரு சாமி சரணத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், தூங்கவேயில்லை போலிருக்கிறது, தலைமயிரில் இன்னும் பஞ்சு. கடைசியாக ஒன்று சொன்னார். "பருத்திப்பூ." அதை யாரும் நினைத்திருக்கவில்லை. மில்லை நம்பிப் பிழைக்கிற தெரு, ஒருத்தருக்கும் வாயில் வரவில்லை.

பூ தீர்ந்துவிட்டது. விழுவது தீரவில்லை.

"இனி மறந்தா மறந்துட்டுப் போகுது" என்று அம்மிச்சி கையை விரித்துவிட்டாள். பிறகு, "நச்சத்திரமெல்லாம் நான் எப்பவோ பாத்தாச்சு, ஸ்டுடியோ வாசல்ல" என்றாள். சிங்காநல்லூரின் பழைய ஆட்களுக்கு நட்சத்திரம் என்றால் திருச்சி ரோட்டில் சென்ட்ரல் ஸ்டுடியோவில் வந்து இறங்கியவர்கள்தான். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்து 1947இல் வந்த 'ராஜகுமாரி' அங்கே எடுத்த படம். அவள் சின்னப் பிள்ளையாக மதிலுக்கு வெளியே நின்றிருக்கிறாள். உள்ளே போனதில்லை.

அந்தப் பூக்கணக்கு வெறும் விளையாட்டில்லை என்பது அவள் முகத்தில் தெரியும். முதல் இரண்டு மூன்று விழும்போது அவளுக்குப் பயம்தான் இருந்தது. அது ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பயம். புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் அதைத்தான் சொல்கிறார்: பங்குனி மாதத்து நடுராத்திரியில் ஒரு மீன் எரிந்து விழக் கண்டு, எங்கள் அரசனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நெஞ்சு பதைத்தோம், அவன் ஏழாம் நாள் இறந்துபோனான் என்று. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை அந்த அரசன். இரும்பொறைச் சேரர்கள் கரூரில் இருந்து கொங்கை ஆண்டவர்கள். ஒருவிதத்தில் எங்கள் பக்கத்து ராஜா. அம்மிச்சிக்குப் புறநானூறு தெரியாது, பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள். பாட்டு வந்துசேரவில்லை, பயம் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி அவள் திண்ணை வரை வந்திருந்தது. ஆனால் அது ஒரு கல்லுக்கு உண்டான பயம். குடத்துக்கு இரண்டாக விழும்போது எத்தனை ராஜாக்களுக்காகப் பதைப்பது? நாலாவது ஐந்தாவதிலேயே பயம் போய்விட்டது. அவளும் எண்ணத் தொடங்கிவிட்டாள்.

நாலு மணி சுமாருக்கு அப்பா எங்களைக் குளத்துக் கரைக்குக் கூட்டிப்போனார். தம்பி சைக்கிளின் முன்பாரில், நான் கேரியரில். டைனமோ சக்கரத்தில் உரசுகிற சத்தத்தோடு விளக்கு கூடிக் குறைந்து கூடிக் குறைந்து வரும். கரை ஏறியதும் டைனமோவைத் தள்ளிவிட்டார். இருட்டு. நொய்யலின் சாய நாற்றம், அதற்குள்ளேயே நாணல் வாசனையும். தலைக்கு நேர் மேலே வியாழன். கிழக்கே பாதி உயரத்துக்கு ஏறிவிட்ட சிம்மம். குளத்தில் வானம் தெரிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிக் கிடந்தது. அதற்குள் எங்கேயோ நாமக்கோழிகள் விட்டு விட்டு முனகின. அப்பா பீடி பற்றவைத்துக்கொண்டார். ஒன்றும் விளக்கவில்லை. தெற்கே போனால் "அந்தா", வடக்கே போனால் "இந்தா". அவ்வளவுதான் வகுப்பு.

அன்றைக்கு எரிந்தது அந்த வால்மீன் 1699இலும் 1866இலும் வந்துபோனபோது சிந்திய தூசி என்று பிற்பாடு வாசித்தேன். ராபர்ட் மெக்நாட், டேவிட் ஆஷர் என்ற இருவர் அந்தத் தூசிப் பட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார்கள். இந்திய நேரப்படி 18ஆம் தேதி நள்ளிரவையொட்டி உச்சம் என்ற கணக்கு பிசகவில்லை. ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் மணிக்கு ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். எங்களுக்கு விடிகாலையில் கிடைத்தது அதன் இறங்குமுகம். மணல் துணுக்கு அளவுதான் ஒவ்வொன்றும். 1866 என்பது கோயமுத்தூர் முனிசிபாலிட்டியான வருஷம். ஸ்டேன்ஸ் மில் வர அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. ஊரில் ஒரு மில்கூட இல்லாத நாளில் உதிர்ந்த தூசி சுற்றிச் சுற்றி வந்து, மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வருஷத்தில் எங்கள் தெருவுக்கு மேல் எரிந்து தீர்ந்தது. அந்த வால்மீன் அடுத்து 2031இல் சூரியனருகே வரும். எனக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். கற்கள் வருமோ வராதோ, அது வானத்தின் பாடு.

என் பாடு வேறு. எனக்கு வேண்டியவை கீழே இருந்தவை.

சங்கு. அதுதான் முதலில் போயிற்று. அப்பாவின் மில் மூடியதும் எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்ற கதைதான். அம்மாவுக்குச் சோறு வைக்கும் நேரமே கொஞ்ச நாள் பிடிபடவில்லை. இன்னொரு மில்லின் சங்கு தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அப்பாவின் மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, நீச்சல் குளம் உண்டு என்று விளம்பரம். சங்கு ஊதிய கோபுரம் இருந்த மூலையை என்னால் இன்னும் காட்ட முடியும். யாரிடம் காட்டுவது?

டைனமோ உரசும் சத்தம். திண்ணைமேல் சைக்கிள் ஏறும் சத்தம், அதாவது முன்சக்கரம் ஒரு தட்டு, பின்சக்கரம் ஒரு தட்டு, ஸ்டாண்டு ஒரு இழுப்பு. அப்பா வந்துவிட்டார் என்று உடம்புக்குத் தெரிந்து, அதுவரை இல்லாத ஒரு தூக்கம் அதற்கப்புறம் வரும். அந்தத் தூக்கத்தை எந்த மெத்தையும் இதுவரை தரவில்லை. நான் வாங்கியிருக்கும் மெத்தை நல்ல விலை.

அம்மிச்சி வரிசையாகப் பூப் பேர் சொல்லும் குரல். பேர்களை எழுதிவிட்டேன், மேலே இருக்கின்றன. செவ்வந்தியில் ஒரு இழுப்பு உண்டு, சம்பங்கியில் ஒரு அவசரம் உண்டு, அதை எழுத வரவில்லை. எருக்கம்பூவுக்கும் தும்பைக்கும் நடுவே இன்னொன்று சொன்னாள். அது என்ன பூ?

குழாயடி. அங்கே சண்டைதான் அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. குடத்தைத் தள்ளி வைத்தார்கள் என்று பேச்சே நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அந்த வரிசையில் நின்று முதுகு ஒடிந்தது பெண்களுக்கு, ஏக்கப்படுகிறவன் பெரும்பாலும் ஆண்பிள்ளை. இது எனக்கும் தெரியும். 2012இல் மின்வெட்டு வந்தபோதும் இப்படித்தான். நாளில் பாதி நேரம் கரண்டு இல்லை, பட்டறைகளில் லேத்து நின்றது, கிரைண்டர் கம்பெனிகளில் ஆளைக் குறைத்தார்கள், ஊரே நொடிந்தது. நான் இங்கிருந்து போன் பண்ணினால், "மொட்டமாடியில படுத்திருக்கோம், நட்சத்திரமெல்லாம் நல்லாத் தெரியுது" என்றான் தம்பி. அவன் குரலில் எரிச்சல், எனக்குள் பொறாமை. வெட்கக்கேடான பொறாமை. அப்படி ஒரு இருட்டு யாருக்கும் மறுபடி வர வேண்டாம்.

ஆனாலும் அந்த மூன்று மணி. வேலையிலிருந்து வந்தவர், தண்ணீருக்கு நின்றவர், மலைக்கு மாலை போட்டவர், பள்ளிக்கூடம் போக வேண்டியவர் எல்லாரும் அவரவர் காரியமாக ஒரே தெருவில் விழித்திருந்த நேரம். வானம் அதற்கு மேலே தற்செயலாக நடந்தது. மெலீஹாவில் அது தற்செயல் இல்லை. அங்கே வருகிறவர்கள் வானத்துக்காகவே வருகிறார்கள். பக்கத்துக் கம்பளத்தில் யார் என்று தெரியாது, நாளைக்குப் பார்க்கப் போவதும் இல்லை. ஒரு பெரிய கல் எரிந்து போனதும் கம்பளத்துக்குக் கம்பளம் ஒரு "வாவ்". பிறகு அவரவர் போன். என் மகள் கார்ட்டூனில் பார்த்தபடி கண்ணை மூடி வரம் கேட்கிறாள். என்ன கேட்டாள் என்று சொல்லக் கூடாதாம். அவளுக்கு ஐந்து பூப் பேர் தெரியுமா என்று ஒருநாள் சோதித்தேன். ரோஸ், லோட்டஸ், ஜாஸ்மின் வரை வந்தாள்.

உக்கடம் பெரியகுளத்துக்கு இப்போது வண்ண விளக்குகள் போட்டிருக்கிறார்கள், வாலாங்குளத்துக்கும் போட்டிருக்கிறார்கள். போன தடவை ஊருக்குப் போனபோது தம்பி கூட்டிப்போனான். குடும்பம் குடும்பமாக ஆட்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல நான் யார். சிங்காநல்லூர் 1981இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் எங்கள் பெரியவர்கள் டவுனுக்குப் போவதைக் "கோயமுத்தூருக்குப் போறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது சிங்காநல்லூருக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே விளக்கில்லாத இடமே இல்லை. தெருமுனை மஞ்சள் விளக்கு போய் வெள்ளை எல்இடி வந்துவிட்டது. கீழே விழுந்த ஊசியை எடுக்கலாம்.

போன டிசம்பரில் ஜெமினிட் இரவன்று அம்மாவுக்குப் போன் பண்ணினேன். இங்கே இரண்டரை என்றால் அங்கே நாலு. முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் ஆகும் என்று சாயங்காலமே கூப்பிட்டேன். "நாலு மணிக்கு மேல மாடிக்குப் போயிப் பாருங்கம்மா. இந்த வருசம் நல்லா வரும்ங்கறாங்க. நானும் அதே நேரம் இங்க பாக்கறேன்."

"நாலு மணிக்கா? தண்ணி இப்பல்லாம் சாயங்காலமே வந்துருது கண்ணு. மோட்டாரப் போட்டா டேங்கு தானா நெறஞ்சுருது. அந்நேரத்துல எந்திரிச்சு நான் ஆருகிட்டப் பேசறது?" என்றார் அம்மா. பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டார். அப்புறம் கோடி வீட்டுக்காரரின் மகன் வீட்டை விற்றுவிட்டுச் சூலூர்ப் பக்கம் போகிறானாம், வாங்குகிறவன் இடித்துவிட்டு மூணு மாடி கட்டப்போகிறானாம் என்று அடுத்த சேதிக்குப் போய்விட்டார்.